வளைந்த ஃபோர்க்கும் இழுபட்ட ரோஜாவும்

பட்டறை என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் தாழ்வாரத்தில் இரண்டு பொருள்கள் ஆணியில் தொங்குகின்றன. ஒன்று ஹம்பர் சைக்கிள் ஒன்றின் முன் ஃபோர்க். மற்றது பூவேலை செய்த தோல் சீட்டின் மேற்பகுதி. ஃபோர்க் பின்னோக்கி வளைந்திருக்கிறது. தோலில் நான் செதுக்கிய ரோஜாக்கள், யாரோ இரு கையாலும் பிடித்து இழுத்ததுபோலச் சீட்டின் மூக்குப் பக்கமாக நீண்டு கிடக்கின்றன. பழைய சைக்கிள் வாங்கித் திருத்தப் போகிறேன் என்றோ, தோல்வேலை பழகப் போகிறேன் என்றோ இலங்கை மலையகத்தின் ஹட்டனில் இருக்கும் என் வீட்டைத் தேடி வருகிறவர்களுக்குத் தேநீர் கொடுத்துவிட்டு முதலில் இவற்றைத்தான் காட்டுகிறேன். பார்ப்பதற்கு இரண்டு தவறுகள், உண்மையில் ஒன்றுதான். இரண்டிலும் நான் உருவத்தைக் கவனிக்காமல் மேற்பூச்சில் மயங்கினேன்.

2022இல் பெட்ரோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில் நாடெங்கும் சைக்கிளுக்கு ஏற்பட்ட கிராக்கி மலையகத்தையும் எட்டியது. தோட்டத் தொழிலாளர் லயத்துக் கோடியிலும், ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையின் பின்புறக் கொட்டிலிலும், பழைய உத்தியோகத்தர் குவார்ட்டர்ஸ் பரணிலும் கிடந்த வண்டிகள் அப்போது வெளியே வந்தன. வரிசைகள் ஓய்ந்துவிட்டன; வெளியே வந்த வண்டிகள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் எதை வாங்கலாம், எதை விட்டுவிடலாம் என்பதை முதலில் சொல்லிவிட்டுத் தோலுக்கு வருகிறேன்.

மலையகத்திலேயே கிடந்து பழசான சைக்கிளுக்கு ஒரு தனி இயல்பு உண்டு. தோட்டத்தில் சைக்கிள் வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் கணக்கப்பிள்ளை, டீமேக்கர், மருந்துக்காரர், தபால் கொண்டுவருகிறவர் போன்றோர்தான். இறக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்கள். ஏற்றத்தில் இறங்கித் தள்ளினார்கள். ஓட்டியதைவிடத் தள்ளியதே அதிகம் என்பதால், இந்த வண்டிகளின் பல்சக்கரத்தில் பற்கள் கூர்மையாகத் தேய்ந்திருப்பது அபூர்வம். செயினும் அவ்வளவாக நீண்டிருக்காது. மாறாக, பிரேக் உரசும் ரிம் மெலிந்திருக்கும், மழையிலும் பனியிலும் நின்றதால் குழாய்களின் உட்புறம் துருவேறியிருக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து வருகிற வண்டியின் கதையே வேறு. 1990களில் எரிபொருள் தடையின் கீழ் அங்கே விறகும் நெல் மூட்டையும் நோயாளியும் சைக்கிளிலேயே போனார்கள். அத்தகைய வண்டியில் கெரியர் பொருந்தும் இடத்தையும் பின்சக்கர அச்சு உட்காரும் காதுகளையும் விளக்கு வைத்துப் பார்க்க வேண்டும். பற்றவைத்த தழும்பு அங்கேதான் இருக்கும்.

வாங்கப் போகும்போது நான் பையில் வைத்திருப்பவை மூன்று: மூன்று மீட்டர் முறுக்குநூல், ஓர் அளவுகோல், ஒரு குத்தூசி. நூலின் ஒரு முனையைப் பின்சக்கரக் காது ஒன்றில் கட்டி, முன்னால் கொண்டுபோய் ஹேண்டில் தண்டு நுழையும் தலைக்குழாயைச் சுற்றி, மறுபக்கமாகத் திருப்பி மற்றக் காதில் இறுக்கிக் கட்ட வேண்டும். இப்போது சீட்டைத் தாங்கும் நடுக்குழாய்க்கும் நூலுக்கும் இடையிலுள்ள தூரத்தை இரு பக்கமும் அளக்கவும். இரண்டும் சமமாக இருந்தால் சட்டம் நேராக இருக்கிறது. ஓரிரு மில்லிமீட்டர் வித்தியாசம் பழைய வண்டியில் இருக்கலாம். ஐந்து, ஆறு என்று போனால் அந்த வண்டி எங்கோ வாங்கிய அடியை மறைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். சக்கரம் பூட்டியிருக்கும்போதே இதைச் செய்யலாம். விற்கிறவர் முகம் சுளித்தால் அதுவும் ஒரு தகவல்தான்.

நூல் சொல்லாததைத் தலைக்குழாய்க்குப் பின்னால் இருக்கும் இரு குழாய்களும் சொல்லும். வண்டி எதிலாவது நேராக மோதியிருந்தால் மேல்பாரின் அடியிலும், சாய்ந்து இறங்கும் கீழ்க்குழாயின் அடியிலும், தலைக்குழாயிலிருந்து இரண்டு மூன்று விரல் தள்ளி, ஒரு மெல்லிய புடைப்பு எழும்பியிருக்கும். கண்ணுக்குத் தெரியாது, கண்ணை மூடிக்கொண்டு பெருவிரலால் தடவினால் தெரியும். அந்த இடத்தில் பெயின்ட் மட்டும் வட்டமாக வெடித்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

என் ஹம்பரில் இதையெல்லாம் நான் பார்க்கவில்லை. ஹம்பரின் அடையாளமே அதன் இரட்டைக் குழாய் ஃபோர்க். சக்கரத்தின் இரு பக்கமும் ஒரு குழாய்க்குப் பதில் இரண்டு குழாய்கள் இணையாக இறங்கும். ரலி நிறுவனம் 1932இல் ஹம்பர் சைக்கிள் பெயரை வாங்கிக்கொண்ட பிறகும் அந்த அமைப்பைக் கைவிடவில்லை. கறுப்புப் பூச்சு மின்ன, பொன்வரிகள் அழியாமல், அந்த ஃபோர்க்கோடு ஒரு வண்டி கண்முன் நின்றபோது எனக்கு வேறெதுவும் தெரியவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு முதிய மெக்கானிக்கிடம் காட்டினேன். அவர் பக்கவாட்டில் நின்று ஒற்றைக் கண்ணால் பார்த்தார்.

“என்னா தம்பி, பெயின்டப் பாத்து வாங்குனீங்களாக்கும்?” என்றார்.

ஹேண்டில் தண்டின் கோடு அப்படியே ஃபோர்க்கின் மேற்பாதியிலும் நேராக இறங்கி, கீழே வரும்போதுதான் முன்னோக்கி வளைய வேண்டும். என் வண்டியில் அந்தக் கோடு தலைக்குழாய் முடிகிற இடத்திலேயே பின்னால் ஒடிந்திருந்தது. ஒற்றைக் குழாய் ஃபோர்க்காயிருந்தால் ஓரளவு நிமிர்த்திப் பார்க்கலாம். இரட்டைக் குழாயில் ஒன்றை இழுத்தால் மற்றது முறுக்கிக்கொள்ளும். ஒரு வாரம் போராடிவிட்டு ஆணியில் மாட்டினேன்.

அடுத்தது துரு. மேலே தெரியும் துருவுக்குப் பயப்பட வேண்டாம். அது உப்புத்தாளோடு போய்விடும். பெடல் அச்சு ஓடும் அடிப்பெட்டிதான் ஆபத்தான இடம், ஏனெனில் சீட்டுத் தண்டு வழியாக இறங்கும் மழைநீர் கடைசியில் தங்குவது அங்கேதான். முடிந்தால் சீட்டுத் தண்டைக் கழற்றிவிட்டு வண்டியைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டிப் பாருங்கள். சிவந்த தூள் கொஞ்சம் கொட்டினால் பரவாயில்லை. செதில் செதிலாக விழுந்தால் விட்டுவிடலாம். அடிப்பெட்டியிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் கீழ்க்குழாய்களின் அடிப்பக்கத்தைக் குத்தூசியால் அழுத்தவும். நல்ல இரும்பில் ஊசி வழுக்கும். அரித்த இரும்பில் பிஸ்கட்டில் இறங்குவதுபோல் இறங்கும். சீட்டுத் தண்டு கழலவே மாட்டேன் என்று அடம்பிடித்தால் அதற்காக மட்டும் வண்டியை நிராகரிக்க வேண்டியதில்லை. ஆனால் அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம்.

ரலி வாங்குகிறவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. பிரிட்டிஷ் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றின் அடிப்பெட்டி மரை ஓர் அங்குலத்துக்கு 24. ரலி தன் நொட்டிங்ஹாம் ஆலையில் செய்த வண்டிகளுக்கு 26 மரை வைத்தது. அடிப்பெட்டியில் திருகி ஏற்றும் பி.பி. கப் கடையில் சாதாரணமாகக் கிடைப்பது 24 மரைதான். பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும், ஒரு சுற்று ஏறவும் செய்யும். அதற்கு மேல் பலவந்தப்படுத்தினால் கப்போடு சட்டத்தின் மரையும் போய்விடும். அதன் பிறகு அந்தச் சட்டம் சுவரில் மாட்டத்தான் உதவும். ஆகவே ரலியில் பெடலைத் தாங்கும் கிராங்கைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். கப் நன்றாக இருந்தால் மகிழ்ச்சியோடு வாங்குங்கள். அச்சையும் குண்டுகளையும் மாற்றிக்கொள்ளலாம். கிராங்கை அச்சோடு இறுக்கும் கோட்டர் பின்னை அடித்து எடுக்கும்போது கிராங்கின் அடியில் ஒரு தடித்த இரும்புக் குழாயை நிலத்தோடு முட்டுக்கொடுத்து, நட்டைப் பின்னின் முனைக்குச் சமமாக வைத்து, தயங்காமல் ஓங்கி ஒரே அடி அடிக்க வேண்டும். பயந்து பயந்து பத்து அடி அடித்தால் பின் நெளியும், அடியெல்லாம் கப்பின் உள்முகத்தில் பள்ளமாக விழும்.

வண்டியின் வயதைப் பற்றி விற்கிறவர் சொல்லும் கதைகளைக் கேட்டு ரசிக்கலாம், நம்ப வேண்டியதில்லை. பின்சக்கரத்தில் ஸ்டர்மி ஆர்ச்சர் மூன்று கியர் ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) இருந்தால் அழுக்கைத் துடைத்துப் பாருங்கள், ஏ.டபிள்யூ. என்ற எழுத்துக்கு அருகே ஆண்டின் கடைசி எண்களும் மாதமும் பொறிக்கப்பட்டிருக்கும். அது ஹப்பின் வயது. சக்கரம் மாற்றப்படாமல் இருந்தால் வண்டியின் வயதும் அதுவே. “வெள்ளைக்கார தொரை வச்சிருந்த சைக்கிள்” என்று என்னிடம் விற்க வந்த ஒன்றில் 70 என்ற எண் இருந்தது. அந்தத் தொரை ஊருக்குப் போகும் அவசரத்தில் வாங்கியிருப்பார் போலும்.

அந்த ஹப்பை மலையில் ஓட்டுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. ஏ.டபிள்யூ. ஹப்பில் இரண்டாம் கியர் நேரடி ஓட்டம். முதல் கியர் அதில் முக்கால் பங்கு. மூன்றாவது அதைவிட மூன்றில் ஒரு பங்கு கூட. இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே எந்தக் கியரும் பிடிக்காத ஒரு வெற்றிடம் இருக்கிறது. கேபிள் சரியாக முறுக்கப்படாவிட்டால் நீங்கள் எழுந்து நின்று மிதிக்கும் நேரத்தில் ஹப் அந்த வெற்றிடத்தில் விழும். மிதி காற்றில் போகும், மார்பு ஹேண்டிலில் போய் மோதும். ஆகவே கேபிளைச் சரிசெய்த பிறகே வண்டியை ரோட்டில் இறக்க வேண்டும்.

பழைய வண்டிகள் சமநிலத்துக்காகப் பல் கணக்கிடப்பட்டவை. முன்னால் 48, பின்னால் 18 பல் இருந்தால் ஒரு மிதிச் சுற்றுக்கு 28 அங்குலச் சக்கரம் ஏறத்தாழ 5.9 மீட்டர் ஓடும். பின்பல்லை 22 ஆக மாற்றினால் அது 4.8 மீட்டராகக் குறையும். முதல் கியரில் 3.6 மீட்டர். கொட்டகலையிலிருந்து ஹட்டனுக்கு இறங்காமல் மிதித்து வர முடிகிறதா என்பதை இந்த நான்கு பல்தான் தீர்மானிக்கிறது. செலவும் அதிகமில்லை. மூட்டுவலி உள்ளவர்கள் முதலில் செய்ய வேண்டிய வேலை இது.

ஆனால் மலையில் ஏறுவதைவிட நிற்பதுதான் பெரிய விஷயம். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கண்டி ஏறத்தாழ 500 மீட்டரில். றம்பொடை வழியாக இறங்கும் அந்த ரோட்டில் மழை பிடித்துக்கொண்டால், இரும்பு ரிம்மின் உட்புறத்தை ரப்பர் கட்டையால் உரசும் கம்பி பிரேக் வண்டி, நீங்கள் பிரேக்கை அழுத்தியதைச் சிறிது நேரம் காதில் வாங்கிக்கொள்ளவே செய்யாது. கட்டை முதலில் ரிம்மிலுள்ள நீரைத் துடைக்க வேண்டும். அதற்குள் வளைவு வந்துவிடும். ஆகவே அலங்காரத்துக்கும் டவுனுக்குள் ஓடுவதற்கும் என்றால் 28 அங்குலக் கம்பி பிரேக் வண்டியை வாங்குங்கள். நீண்ட இறக்கங்களில் ஓட்டத்தான் போகிறீர்கள் என்றால் கேபிள் பிரேக் உள்ள 26 அங்குல வண்டியை எடுத்து, அதற்கு அலுமினிய ரிம் பூட்டிக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் பிரிட்டனில் ஈர இரும்பு ரிம்முக்கென்றே முகத்தில் தோல் வைத்த பிரேக் கட்டைகள் விற்றார்கள். நானும் ரப்பர் கட்டையில் தோல் ஒட்டிப் பார்த்தேன். மல்லியப்பு சந்தி மழையில் நன்றாகவே பிடித்தது. ஆனால் இறக்கத்தில் ஒட்டு விட்டால் என்ன ஆகும் என்ற நினைப்பே தூக்கத்தைக் கெடுத்ததால் கழற்றிவிட்டேன்; உங்களுக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

பெயின்ட், டயர், மட்கார்ட், மணி, டைனமோ ஆகியவற்றைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. எல்லாம் காசுக்குக் கிடைக்கும். நேரான சட்டமும் மரையும் கிடைக்காது.

இனி சீட்டு. பழைய வண்டிகளில் பெரும்பாலும் முதலில் கெட்டுப்போவது அதன் தோல்தான். கீழே இருக்கும் இரும்புச் சட்டமும் ஸ்பிரிங்கும் பெரும்பாலும் பிழைத்திருக்கும். 1866இல் பர்மிங்ஹாமில் தொடங்கிய புரூக்ஸ் நிறுவனத்தின் சட்டம் கிடைத்தால் அதை எந்த நிலையிலும் எறிய வேண்டாம். தோல் அதில் ஊஞ்சல்போல மூக்குக்கும் பின்விளிம்புக்கும் இடையே இழுபட்டுத் தொங்குகிறது. கீழே பலகையோ பஞ்சோ இல்லை. உங்கள் பாரம் முழுவதையும் அந்த இழுவிசையே தாங்குகிறது. தோலில் எங்கே பூப்போடலாம், எங்கே போடக்கூடாது என்பதெல்லாம் இந்த ஒரு விஷயத்திலிருந்தே வருகிறது.

தோல் பட்டைச்சாற்றில் பதனிட்டதாக இருக்க வேண்டும். ஆவாரம்பட்டை, வேலம்பட்டை, கடுக்காய் போன்றவற்றின் துவர்ப்பு ஏறிய தோல்தான் நனைத்தால் இளகி, காயும்போது கொடுத்த உருவத்தைப் பிடித்துக்கொள்ளும். குரோமியத்தில் பதனிட்ட தோல் மென்மையாகவும் மலிவாகவும் கிடைக்கும். கைப்பைக்கு நல்லது, ஆனால் அச்சு வைத்தால் சிறிது நேரத்தில் ஒன்றுமே நடக்காததுபோல் நிமிர்ந்துவிடும். கடையில் வெட்டிய விளிம்பைப் பாருங்கள்: நடுவில் நீலமோ சாம்பலோ தெரிந்தால் குரோம். பிறகு பெருவிரல் நகத்தை அழுத்திப் பாருங்கள். பிறைபோன்ற தடம் நின்றால் வாங்கலாம். சீட்டுக்கு ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் தடிப்பு வேண்டும். முதுகுப் பக்கத்துத் தோலாக இருக்க வேண்டும். வயிற்றுப் பக்கம் மலிவு என்று வாங்கினால் ஆறு மாதத்தில் தொட்டிலாகிவிடும். முதுகெலும்பின் திசையில் தோல் குறைவாக நீளும் என்பதால் சீட்டின் மூக்கு அந்தத் திசையையே நோக்கி இருக்கும்படி வெட்ட வேண்டும்.

நனைத்த தோலை இழுத்துப் பொருத்திச் சீட்டின் உருவம் கொடுக்கும் வார்ப்புக் கட்டையைச் சவுக்கு மரத்தில் செதுக்கினேன். பழைய சீட்டின் மேல் காகிதப் பட்டைகளை ஒட்டி அளவெடுத்து, சுற்றிலும் இரண்டு சென்டிமீட்டர் கூட விட்டுத் தோலை வெட்டிக்கொள்ளலாம். பிறகு அதை வெதுவெதுப்பான நீரில், குமிழ் வருவது நிற்கும்வரை அமிழ்த்தி, பொலித்தீனில் சுற்றி ஒரு இரவு வைக்க வேண்டும். நீர் கை பொறுக்கும் சூட்டைத் தாண்டவே கூடாது. கொதிநீர் பட்டால் தோல் சுருண்டு கட்டையாகிவிடும்.

காலையில் பிரித்துப் பார்க்கும்போது தோல் வாட்டின கொழுந்துபோல இருக்க வேண்டும். அப்பா ஸ்டோரில் வாட்டும் மாடியில் வேலை செய்தவர். ஒரு பிடி கொழுந்தைக் கையில் இறுக்கிப் பிடித்துவிட்டு விரலை விரிப்பார். உருண்டை உடனே சிதறினால் இன்னும் நேரம் இருக்கிறது, மெல்ல அவிழ்ந்தால் பதம். தோலிலும் அதே பதம்தான்: மடக்கினால் முறுகக்கூடாது, பிழிந்தால் நீர் சொட்டக்கூடாது. மூக்கை முதலில் கட்டையில் பொருத்தி, பின்னால் இழுத்து, கூட விட்ட விளிம்பில் மட்டும் ஆணி அடித்து, கரண்டியின் புறமுதுகால் மையத்திலிருந்து ஓரங்களை நோக்கி அழுத்தித் தேய்த்துக்கொண்டே போக வேண்டும். இடுப்புப் பகுதியில் தோல் கட்டையோடு ஒட்டாமல் விலகி நிற்கும். அங்கே பழைய சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி வரிந்து கட்டுங்கள். அதைவிட நல்ல கட்டு எனக்குத் தெரியவில்லை. ஆணி பித்தளையாகவோ செம்பாகவோ இருக்கட்டும். இரும்பும் தோலின் துவர்ப்பும் ஈரத்தில் சந்தித்தால் கறுப்பு மை உண்டாகும். காலையில் ஃபோர்க்கை அரம்போட்ட கையோடு மாலையில் தோலைத் தொட்டேன். ஐந்து விரலும் அப்படியே கறுப்பாகப் பதிந்தன. தேசிக்காய்ச் சாறு தடவி மூன்றை அழிக்க முடிந்தது. மற்ற இரண்டும் இன்னும் என் சீட்டின் கீழ் இருக்கின்றன.

காயவைப்பதில்தான் மலைநாட்டுக்காரன் பொறுமையிழக்கிறான். தை, மாசியில் இரண்டு நாளில் காய்வது, ஆனி, ஆடி மழையில் என் தாழ்வாரத்தில் ஐந்து நாளும் ஆகும். அடுப்புக்கு மேலே தூக்கிக் கட்டினால் என்ன என்று தோன்றும். தப்பு மேளத்தைச் சருகுத்தீயில் காய்ச்சி முறுக்கேற்றுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு அது இயல்பாகவே வரும் எண்ணம். ஆனால் தப்பின் தோல் பதனிடாத தோல். சூட்டில் ஈரம் போய் இறுகும், பனியில் மறுபடி தளரும், மறுபடி காய்ச்சலாம். பதனிட்ட தோல் ஈரமாயிருக்கும்போது பெருஞ்சூடு பட்டால் அதன் நார்கள் ஒருமுறை சுருங்கியதுதான், திரும்புவதில்லை, மேற்பரப்பு வெடிக்கும். காற்றோட்டமுள்ள நிழலே போதும். வெள்ளைப் பூஞ்சணம் அரும்பினால் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு இன்னும் காற்றுப்படும் இடத்துக்கு மாற்றுங்கள். பொலித்தீனால் மட்டும் மூடிவிடாதீர்கள்.

ரோஜாக்கள் எப்படி இழுபட்டன என்பதை இப்போது சொல்லலாம். தட்டையான தோலில் பூச்செதுக்குவது எளிது என்பதால் நான் முதலில் செதுக்கினேன். பத்து நாள் மாலை வேலை; ஒவ்வொரு இதழின் ஓரத்தையும் சரித்து அடித்து, பின்னணியைப் புள்ளியச்சால் தாழ்த்தி, அழகாகவே வந்தது. பிறகு வார்ப்பதற்காக முழுவதையும் நனைத்தேன். அடித்து அமுக்கிய நார்கள் நீர் குடித்து எழும்பின. பள்ளங்கள் பாதி நிரம்பின. கட்டையில் இழுத்தபோது மிச்சமிருந்த பூக்கள் இழுத்த திசையில் நீண்டன. வளைந்த பரப்பில் உட்கார வேண்டிய தோலுக்கு உருவம்தான் முதலில். அது முழுக்கக் காய்ந்து இறுகிய பிறகு, கட்டையிலிருந்து கழற்றாமலே, பூ வரும் இடத்தை மட்டும் பஞ்சால் ஒற்றி ஈரமாக்கிச் செதுக்க வேண்டும். தட்டையாகவே இருக்கப்போகும் பொருளுக்கு இது பொருந்தாது. சீட்டின் பின்னால் தொங்கும் சாமான் பைக்கு முதலில் செதுக்கலாம். மடிக்கும் முன் பின்புறத்தில் ஒட்டுநாடா ஒட்டிக்கொண்டால் தோல் நீளாது.

ஈரத்தின் அளவைக் கண்ணும் கன்னமும் சொல்லும். பஞ்சால் ஒற்றியதும் தோல் கறுக்கும். அது தன் பழைய நிறத்துக்கு ஏறக்குறையத் திரும்பும்வரை காத்திருங்கள். கன்னத்தில் வைத்தால் இன்னும் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். அந்த வேளையில் அச்சை வைத்துக் கொட்டாப்புளியால் தட்டினால் தடம் கூர்மையாக விழுந்து, அடிபட்ட இடம் மட்டும் இளம்பழுப்பாகக் கறுக்கும். தடம் வெளிறிப்போனால் காய்ந்துவிட்டது. தடத்தின் ஓரம் சேறுபோல் பிதுங்கினால் ஈரம் அதிகம். எழுந்து போய்த் தேநீர் குடித்துவிட்டு வாருங்கள். இரும்புச் சுத்தியல் வேண்டாம். அச்சின் தலையையும் கெடுக்கும், உங்கள் கையையும் உதறவைக்கும். அச்சுகளை நான் பெரிய ஆணிகளின் முனையை அரத்தால் தேய்த்து, உப்புத்தாளில் மெருகேற்றிச் செய்துகொண்டேன். சரித்து அடிக்கும் அச்சு ஒன்று, புள்ளி ஒன்று, இதழ் நரம்புக்கு ஒன்று: தொடக்கத்துக்கு இந்த மூன்றே போதும். அவற்றிலும் இரும்புத்தூள் ஒட்டியிருக்காமல் துடைத்துக்கொள்ள மறக்க வேண்டாம்.

கத்திக்கீறல் தோலின் தடிப்பில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. சீட்டின் மேற்பரப்பில் கீறவே கூடாது. அங்கே இழுவிசைக்குக் குறுக்கே போடும் ஒவ்வொரு கீறலும் பின்னாளில் வெடிப்பாகும். பக்கங்களில் தொங்கும் மடிப்புகளில் பாரம் குறைவு. பூவெல்லாம் அங்கே வரட்டும். உட்காருகிறவருக்குத் தெரியாதே என்று கேட்பார்கள். அவருக்கு எதற்குத் தெரிய வேண்டும், பார்க்கிறவருக்குத்தானே?

சட்டத்தில் பூட்டும்போது மூக்கிலுள்ள இழுவைத் திருகை முழுவதும் தளர்த்திவிட்டுத் தொடங்க வேண்டும். ரிவெட் துளைகளை வார்ப்புக்கு முன் போட வேண்டாம். வார்த்த பிறகு சட்டத்தின் மேல் வைத்து அடையாளமிட்டு, மூக்கை முதலில், பின்விளிம்பின் நடுவை அடுத்து, ஓரங்களைக் கடைசியாகச் செம்பு ரிவெட்டால் அறைய வேண்டும். பூச்சுக்குத் தேன்மெழுகை இலேசாகச் சூடாக்கி, அடிப்பக்கத்தில் தாராளமாகவும் மேலே மெல்லியதாகவும் தேய்த்தால் போதும். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காயெண்ணெயை ஊற்றினால் தோல் தளர்ந்துவிடும், நாளடைவில் சிக்கு நாற்றமும் எடுக்கும். புதுச் சீட்டு முதல் சில வாரம் கல்போல இருக்கும். அப்போது திருகைத் தொடாதீர்கள். உட்கார்ந்து உட்கார்ந்து தோல் உங்களுக்கேற்பக் குழிந்து, பக்கவாட்டில் விரிவதாகத் தெரிந்த பிறகு கால் சுற்றுத் திருப்பலாம்.

இப்போது கட்டையில் ஒரு தோல் காய்ந்துகொண்டிருக்கிறது. அது போய்ச் சேரவேண்டிய லேடீஸ் சைக்கிள் வெலிமடையிலிருந்து வந்தது. நூல் இரு பக்கமும் ஒரே அளவு காட்டியது, அடிப்பெட்டியில் ஊசி வழுக்கியது, பெயின்ட் என்று சொல்லத்தக்கதாக எதுவும் இல்லை. சீட்டுத் தண்டு மட்டும் இறுகிக் கிடக்கிறது. தலைகீழாக நிறுத்தி, மண்ணெண்ணெயில் கொஞ்சம் இயந்திர எண்ணெய் கலந்து அடிப்பெட்டி வழியாக ஊற்றி ஐந்து நாளாகிறது. நேற்று இரவு தட்டிப் பார்த்தபோது ஓசை சிறிது மாறியிருந்தது.